இரண்டு வீட்டு உப்பு

அரிசியைப் பூட்டி வைத்த வீடுகள் உண்டு. நெய்யையும் வெல்லத்தையும் பூட்டி வைத்த மாமியார்களைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். உப்பைப் பூட்டி வைத்த வீடு மட்டும் எங்கள் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். பூட்டியவள் நான். சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தேன்.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, துணிக்குத் தட்டுப்பாடு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். உப்புக் காய்ச்சப் போய் அடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்களின் கதையை எல்லாம் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். அவர்கள் உப்பு வேண்டும் என்று போராடினார்கள். என் தலையெழுத்து, நான் உப்பு வேண்டாம் என்று போராட வேண்டி வந்தது.

என் கணவரின் ஊர் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே. மெயின் ரோட்டிலிருந்து வண்டித் தடத்தில் இறங்கிப் போக வேண்டும். கிணறும் தோட்டமும் மேட்டுக்காடுமாகக் குறைவில்லாத குடும்பம். ஒரே ஒரு குறை, அந்த வீட்டு ஆண்கள் நரை காண்பதில்லை. என் மாமனார் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காட்டில் விழுந்தவர். கணவரின் அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் வாய் கோணி உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். அவருடைய கருமாதிச் சோறு செரிப்பதற்குள் என் கணவருக்குப் பின்மண்டையில் வலி ஆரம்பித்தது. தூங்கி எழும்போதே வலியோடு எழுந்திருப்பார்.

"சூடு சாமி, வேற ஒண்ணுமில்லெ" என்பார் என் மாமியார். நல்லெண்ணெய் தேய்ப்பார், வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார். ஒருநாள் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை. வேட்டியெல்லாம் ரத்தம். ஒருவழியாக நின்றதும், "சேலத்துக்குப் போலாமுங்க, எந்திரிங்க" என்று அழுதுகொண்டே அவரைப் பிடித்து இழுத்தேன்.

சேலத்து டாக்டர் வயதானவர். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. கணவரின் கையில் துணிப் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி, கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஏற்றினார். அது ஏறிக்கொண்டே போனது. குழாயே முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ரத்தக் கொதிப்பு" என்றார். "இதற்கு நம்பி வாங்குகிற மாதிரி ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. உப்பை விட வேண்டும். ஒரு கல் உப்புகூடக் கூடாது. ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம், மோர்மிளகாய் எதுவும் கூடாது."

"பத்தியத்துக்கு இந்துப்பு போடுவாங்களே, அது ஆவுமுங்களா?" என்று கேட்டேன்.

"பேரை மாற்றினால் உப்பு இல்லை என்று ஆகிவிடுமா அம்மா?" என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி வந்து விளக்கிச் சொன்னார். உப்பு தன்னோடு தண்ணீரையும் உடம்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் சேரச் சேர ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுமாம். எல்லாருக்கும் அப்படி ஏறாது. சில பேர் எவ்வளவு தின்றாலும் உடம்பு வெளியே தள்ளிவிடும். "இவர் உடம்பு தள்ளாது. இவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

அப்பாவையும் அண்ணனையும் சொன்னவுடன் கணவரின் முகம் சிறுத்துவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "இந்த நாயம் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியப்படாது புள்ளெ. ஆத்தாகிட்டச் சொல்லு. வேற ஆருகிட்டயும் மூச்சு உடாதே."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சுற்றுப்பட்டில் வரப்புச் சண்டை, தடத்துச் சண்டை, பாகச் சண்டை எது வந்தாலும் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்து வைக்கிறவர் அவர். நாமக்கல் கோர்ட்டுக்குப் போனால் காட்டை விற்றுத்தான் திரும்ப வேண்டும். இவரிடம் வந்தால் ஒரு சாப்பாட்டோடு முடியும். வெளியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வீட்டில் நான் கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். கொதிப்புக்காரர் என்று பெயர் வந்துவிட்டால் அவர் சொல்லை எவன் ஏற்பான்? பேச்சு நடுவில் விழுந்து நம் வாசலில் செத்துவைப்பாரோ என்று பயந்து கூப்பிடவே மாட்டார்கள். அந்த மரியாதைதான் அவருக்குச் சோறு, தண்ணி எல்லாம்.

உப்பில்லாமல் சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எலுமிச்சை பிழிந்தேன், பூண்டைச் சுட்டுப் போட்டேன், மிளகை அள்ளிக் கொட்டினேன். புளியைக் கூட்டினால் பல் கூசுகிறது என்பார், காரத்தைக் கூட்டினால் வயிறு எரிகிறது என்பார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க? எருமெ திங்காது இந்தக் களியெ" என்று தட்டைத் தள்ளுவார். "எருமைக்கு ரத்தக் கொதிப்பு இல்லீங்க, அதுக்கு உப்புப் போட்டே வெக்கறேன். நீங்க இதெ உங்குங்க" என்று நான் திரும்பத் தள்ளுவேன். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைப்பார். மகனுக்கு உப்பில்லாத சோறு போடுவது எழவு வீட்டுக் காரியம் மாதிரி அவருக்குப் பட்டது.

ஆனால் பலன் இருந்தது. அடுத்த முறை போனபோது பாதரசம் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர்கூடத் தலையை ஆட்டினார். பின்மண்டை வலி போய்விட்டது. பஸ் ஏறும் இடத்தில் சந்தோஷம் தாங்காமல் நான் அழுதுவிட்டேன். "இதுக்கும் அழுவே, அதுக்கும் அழுவே" என்று அவர் சிரித்தார்.

அந்த வருஷம் கோடையில் கிணறெல்லாம் அடி மண் தெரிந்தது. எங்களுக்குத் தெற்கே இருந்த ஊரில் ஒரு அண்ணன் தம்பி, ஒரே கிணற்றில் பங்கு உள்ளவர்கள், யார் முறை என்று அடித்துக்கொண்டார்கள். தம்பியின் மண்டை உடைந்தது. அண்ணனின் மாட்டை யாரோ கத்தியால் கீறிவிட்டார்கள். பெரியவர், சின்னவர் என்றே அவர்களைச் சொல்கிறேன். வாசலுக்கு நடுவே மண்சுவர் எழுப்பி இரண்டு குடும்பமும் இரண்டு பக்கம் இருந்தன. என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பேசினார். ஒரு நடையில் முடிகிற காரியமாக இல்லை. திரும்பத் திரும்பப் போனார். அங்கே இளநீர் தவிர எதையும் தொடுவதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த தடவை டாக்டர் பாதரசத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை நம்பாமல் இன்னொரு தடவை ஏற்றினார். "உப்பு போகிறது" என்றார்.

"இல்லீங்க டாக்டர். என்ற கையால ஆக்கறனுங்க" என்றேன்.

"அப்படியானால் உங்கள் கை பொய் சொல்கிறது, இல்லாவிட்டால் இவர் வாய் பொய் சொல்கிறது" என்றார். கணவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சந்தேகம் முதலில் மாமியார் மேல் போயிற்று. பிள்ளைப் பாசத்தில் கிழவி ஒரு கல் இரண்டு கல் போட்டுவிடுகிறாள் என்று நினைத்தேன். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி நான், கேட்டும்விட்டேன். அவர் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "புருசனெக் குடுத்தேன், மூத்தவனெக் குடுத்தேன். இவனெயும் நானே குடுப்பனா அம்மிணி?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தாலும் உப்புப் பானையை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். எங்கள் சாப்பாட்டுக்கு வேண்டியதை நானே எடுத்துப் போட்டேன். பூட்டியும் வலி திரும்பி வந்தது. பாதி ராத்திரியில் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பொழுது விடிந்து அவர் இருமினால்தான் எனக்கு உயிர் வரும்.

கள்ளனைக் காட்டிக் கொடுத்தது அவர் விரல் மோதிரம். சில நாள் அது விரலில் சுழலும். சில நாள் சதைக்குள் புதைந்து, எண்ணெய் போட்டாலும் நகராது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த விரலைப் பார்த்தேன். வீட்டில் இருந்த நாளுக்கு மறுநாள் மோதிரம் சுழன்றது. அண்ணன் தம்பி ஊருக்குப் போய்வந்த நாளுக்கு மறுநாள் புதைந்தது. ஒரு தடவைகூட இது தப்பவில்லை.

மாட்டுக்குச் சோளத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க, அங்க போய் என்னத்தெ உங்கறீங்க?"

"எளனிதான். சொன்னனில்ல."

"எளனி குடிச்சா மோதரம் கறிக்குள்ள போயிருமுங்களா?"

அவர் தட்டைக் கீழே போட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவர் சொன்னது இதுதான். நடுவில் உட்காருகிறவர் இரண்டு தரப்பு வீட்டிலும் கை நனைக்க வேண்டும். மத்தியானம் ஒரு வீடு, பொழுதோடு ஒரு வீடு. இலையில் முதலில் உப்பு வைப்பார்கள். அதைத் தொட்டு வாயில் வைத்த பிறகுதான் பேச்சுக்கு மதிப்பு. இந்த வீட்டு உப்பைத் தின்றவர் இந்த வீட்டுக்குக் கெடுதல் நினைக்க மாட்டார் என்ற நம்பிக்கைதான் மொத்தப் பஞ்சாயத்துக்கும் அஸ்திவாரம். ஒரு வீட்டில் ஒரு கவளம் குறைந்தாலும் போச்சு, "நம்ம உப்பு மட்டும் அவுருக்குக் கரிக்குதாட்ட இருக்குது" என்று கிளம்பிவிடுவார்கள். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அவருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் அவர் அதைச் செய்வார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதிலும் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு விருந்து வைத்தார்கள். பெரியவர் வீட்டில் கோழியும் ஊறுகாயும் என்றால் சின்னவர் வீட்டில் உப்புக்கண்டம்.

"உப்பு ஆவாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லட்டும்?" என்றார்.

"அப்ப உட்ருங்க. வேற ஆளப் பாக்கட்டும்."

"உட்டா அருவாளெ எடுத்துருவானுங்க. சின்னவன் விட்டத்துல சொருகி வெச்சிருக்கறான். நானே பாத்தேன்."

"அவுங்க வெட்டிக்கிட்டா அவுங்க பொண்டாட்டிக தாலி அறுக்கட்டும்! என்ற தாலிய எனத்துக்குங்க அறுக்கறீங்க?"

இப்படிப் பேசியதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. ஊர் வாழ வேண்டும் என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். அவர் வாழ வேண்டும் என்று கத்த என்னை விட்டால் ஆள் இல்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து சேலம் போனபோது அவருடைய இடது கண்ணின் வெள்ளையில் ரத்தத் திட்டு இருந்தது. டாக்டர் ஏதோ கருவியை வைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "உள்ளேயும் கசிந்திருக்கிறது. கண்ணில் கசிந்த மாதிரி மூளையில் கசிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த தடவை நீங்கள் இவரைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். இல்லாவிட்டால் வரவே மாட்டீர்கள்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன். "எனக்கு ஒண்ணுமில்லெ புள்ளெ, சும்மா இரு" என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு நல்ல சேதி வந்தது. கிணற்று முறைக்கு இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள். அமாவாசை கழிந்து ஒருநாள், கிணற்றடிக் களத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச்சை உறுதிசெய்ய வேண்டியதுதான் பாக்கி. சோறு பெரியவர் வீட்டிலிருந்து, குழம்பு சின்னவர் வீட்டிலிருந்து. இரண்டையும் என் கணவர் உப்போடு வாயில் வைத்தால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் எவனும் மாற முடியாது.

அந்த ஒரு சாப்பாட்டைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் வண்டி கட்டிக்கொண்டு போய், சுவருக்கு இந்தப் பக்கம் பெரியவர் மனைவியையும் அந்தப் பக்கம் சின்னவர் மனைவியையும் தனித்தனியாகப் பார்த்தேன். நோயைச் சொல்ல முடியாது. அதனால் சாமியை இழுத்தேன். "திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டுதல் வெச்சிருக்கறாங்க. இந்தச் சண்டை நல்லபடியா முடியற வரைக்கும் இனி உப்பு தொடறதில்லீங்கறாங்க. அவுங்களா சொல்ல மாட்டாங்க. நீங்களா அவுங்க எலைக்கு மட்டும் உப்பில்லாம வெச்சுருங்க" என்றேன். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "நம்ம ஊட்டுச் சண்டைக்கு அவுங்க விரதமுங்களாக்கா?" என்று சின்னவர் மனைவி கண் கலங்கினாள். அந்தப் பெண்கள் நல்லவர்கள். சாமி கோபித்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் திரும்பிவிட்டேன்.

களத்தில் அன்று நல்ல கூட்டம். அண்ணன் பக்கத்து ஆட்கள் ஒரு வரிசை, தம்பி பக்கத்து ஆட்கள் எதிர் வரிசை, இரண்டுக்கும் தலைமாட்டில் என் கணவர். பெண்கள் நாங்கள் கிணற்றோரம் பாத்திரங்களோடு நின்றோம். முறையைச் சொல்லி முடித்தார். சரி என்றார்கள். இலை போட்டார்கள். பெரியவர் மனைவி எல்லா இலையிலும் உப்பு வைத்துக்கொண்டே வந்தாள். என் கணவர் இலையில் வைக்காமல் தாண்டினாள். தனியாக ஒரு சின்னப் பானையிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னவர்தான் கண்டுபிடித்தார். "மாமன் எலையில உப்பக் காணமே?"

"மாமனுக்குத் திருச்செங்கோட்டு வேண்டுதலுங்க, உப்பு ஆவாதுங்க" என்றாள் பெரியவர் மனைவி, தலைப்பைச் சரிசெய்துகொண்டே.

"வேண்டுதலா? போன வாரம் என்ற ஊட்டுல உப்புக்கண்டம் மறுக்கா வாங்கித் தின்னாரே, அப்ப எங்க போச்சு வேண்டுதலு?" சின்னவர் இலையை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "பொங்குனது எங்கண்ணன் ஊட்டுச் சோறு. அந்த ஊட்டு உப்பு மாமன் வாயில படாமப் பேச்ச முடிச்சுப்போட்டு, நாளைக்கி நீ மாத்திப் பேசறதுக்காண்ணா இந்த வேலை?"

பெரியவர் எழுந்துவிட்டார். "நானெங்கடா சொன்னேன்? உன்ற பொண்டாட்டி கொழம்பையும் பாரு, அதும் தனிச் சட்டியிலதான் வந்திருக்குது! சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா இருந்தா என்னெ இப்பிடிக் கேப்பியாடா?"

எதிர் வரிசையில் இன்னும் சிலர் எழுந்தார்கள். இலை காற்றில் புரண்டது. சின்னவரின் மச்சினன் வீட்டைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தான். விட்டத்தில் என்ன இருக்கிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஏனுங்க மாமா" என்று சின்னவர் என் கணவரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. நெசமா வேண்டுதலுங்களா?"

என் கணவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சாமியின் பெயரில் பொய் சொல்கிறவர் இல்லை. அதிலும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவே மாட்டார்.

"எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லெ" என்றார். "அவனெக் கூப்புடுங்க. எல்லாரும் உக்காருங்க. உப்பக் கொண்டாங்க."

பெரியவர் மனைவி கிண்ணத்தை அவர் இலையில் சாய்த்தாள். உப்பு கொட்டிக் குவிந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அவர் விரல் நிறைய அள்ளினார். கண்ணில் அந்தச் சிவப்புத் திட்டு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு சிட்டிகையில் அவர் செத்துவிட மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் குழம்பு வரும், கண்டம் வரும். அடுத்த மாதம் இன்னொரு ஊர் வரும், இன்னும் இரண்டு வீடு வரும். ஒவ்வொரு வீட்டிலும் அவர் இப்படித்தான் வாயைத் திறப்பார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் இருந்த இலையைச் சோற்றோடு சேர்த்து இழுத்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் இலையை இழுப்பது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதைவிட மோசம். ஆம்பிளைகள் சபையில் ஒரு பொம்பிளை இழுத்தாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"இவுருக்கு ரத்தக் கொதிப்புங்க!" என்று கத்தினேன். "இவுங்க அப்பனெயும் அண்ணனெயும் கொண்டுபோனது இதுதானுங்க. உப்பு இவுருக்கு வெசமுங்க. ரெண்டு ஊட்டுலயும் போட்டி போட்டு நீங்க போட்டது சோறில்லீங்க. உங்க தண்ணிக்காவ இவுரு தின்னு தின்னே சாவறாருங்க. கண்ணெப் பாருங்க! வேண்டுதல்னு பொய் சொன்னது நானு. இந்தப் புள்ளைக மேல குத்தமில்லெ. நீங்க வெட்டிக்கறதுன்னா வெட்டிக்குங்க. என்ற புருசனெ உட்ருங்க."

வீட்டுப் பக்கம் போன மச்சினன் வழியிலேயே நின்றுவிட்டான். பெரியவர் என் கணவரின் கண்ணைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கடைசியில் அசைந்தது அவர் மனைவிதான். உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனாள். ஏற்கெனவே உப்பு இருந்த கொழுந்தன் இலையில் தன் வீட்டு உப்பை இன்னும் கொஞ்சம் வைத்தாள். அதைப் பார்த்துச் சின்னவர் மனைவி தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர் இலையில் குழம்பை ஊற்றினாள். நடுவில் உட்கார்ந்தவர் தின்ன வேண்டியதை அண்ணனும் தம்பியுமே தின்றார்கள். சின்னவர் சாப்பிடும்போது அழுதார். அந்தக் கிணற்றில் அதற்கப்புறம் சண்டை வரவில்லை.

என் கணவர் அந்தச் சாப்பாடு முடியும் வரை வெறும் தரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டு, வண்டியில் ஏறாமல் நடந்தே ஊர் திரும்பினார். நான் வண்டியில் பின்னால் வந்தேன். முன்னால் அவர் முதுகு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் பயந்தது அப்படியே நடந்தது. யாரும் கேலி பேசவில்லை, மரியாதை குறையவும் இல்லை. "அண்ணனுக்கு எதுக்குங்க சிரமம்" என்று இரக்கமாகச் சொல்லிக்கொண்டே வேறு ஆளைத் தேடிப் போனார்கள். எங்கள் வாசலில் வண்டி நிற்பது நின்றது. வெளுத்த வேட்டி கட்டிப் பொழுது விடிந்ததும் கிளம்பிப் பழகியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிடுவார். நான் போட்டதைத் தின்றார், அவ்வளவுதான். உப்பில்லை என்றுகூடத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று எனக்கு இருந்தது. மாமியார் மட்டும் ஒருநாள் நான் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் என்ற புருசன் எலெய அன்னைக்கே இழுத்திருக்கோணும் சாமி, எனக்குத் தெரியிலியே" என்று என் முதுகைத் தடவினார்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு சேலம் போனோம். பாதரசம் இறங்கியிருந்தது. டாக்டர் இரண்டாம் தடவை ஏற்றிப் பார்த்தும் இறங்கித்தான் இருந்தது. கண்ணின் சிவப்பும் போயிருந்தது. "இப்படியே இருந்தால் பேரன் பேத்தி பார்ப்பார்" என்றார். நான் கும்பிட்டேன். கணவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது ஒரு மேட்டில் கரி பஸ் ஏற மாட்டாமல் திணறி நின்றது. அந்த நாளில் அது வழக்கம்தான். கண்டக்டர் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னார். பஸ் புகை கக்கிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஜனங்கள் அதன் பின்னால் நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடைசியில் வந்தோம்.

"என்னெ உசுரோட வெச்சுப்போட்டெ" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "எனத்துக்குன்னுதான் தெரியில. நாயம் பேசாத நானு ஆருக்கு ஆவேன்?"

"எனக்கு ஆவீங்க" என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், இருந்தும் குரல் உடைந்துவிட்டது. "இத்தன நாளா ஊருக்கு ஆனீங்க. ஒருத்தி கெடக்கறாளேன்னு நெனச்சீங்களா? இனி எனக்கு ஆவுங்க."

அவர் முகத்தில் கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்காமல், தலையைப் பிடித்துக்கொள்ளாமல், என்னை விட்டு முன்னால் போகாமல், அந்த மேட்டை என்னோடு நடந்து ஏறினார்.